கையடக்க இசைக் கருவியில் பாடல் கோப்புகளை ஒழுங்குபடுத்துதல்

கையடக்க இசைக் கருவி என்பது எண்ணிம ஒலிக் கோப்புகளைச் சேமித்து இயக்கும் சிறிய மின்னணுக் கருவி ஆகும். பேச்சு வழக்கில் இது எம்பி3 பிளேயர் எனப்படுகிறது. தென்கொரியாவின் சேகன் நிறுவனம் 1998இல் வெளியிட்ட எம்பிமேன் இவ்வகையின் தொடக்கக் கருவிகளுள் ஒன்று. அதன் நினைவகம் 32 மெகாபைட்டு. சுமார் அரை மணி நேரப் பாட்டுக்கே அது போதுமானதாக இருந்தது. இன்று மலிவாகக் கிடைக்கும் 8 ஜிகாபைட்டு அட்டையில், நொடிக்கு 128 கிலோபிட்டு தரத்தில் ஏறத்தாழ 138 மணி நேர இசை அடங்கும். இடம் இருக்கிறது, வேண்டிய பாடலைக் கண்டுபிடிப்பதுதான் கடினம்.

காஞ்சிபுரத்தில் 1919இல் பிறந்த பாடகி டி. கே. பட்டம்மாளின் பாடல்களை ஒருவர் திரட்டுவதாகக் கொள்வோம். பழைய இசைத்தட்டுகளின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே பதிய முடியும் என்பதால், ஒரே கிருதி இரண்டு கோப்புகளாக வந்து சேரலாம். 1939இல் வெளிவந்த தியாகபூமி படத்தில் அவர் பாடிய பாடல் இன்னொரு தொகுப்பில் இருக்கும். ஒலிநாடாவிலிருந்து மாற்றிய கச்சேரிகள் மணிக்கணக்கில் நீளும். இவற்றைப் பல ஆண்டுகளில் பலர் எண்ணிமமாக்கியிருப்பார்கள். ஒருவர் "டி. கே. பட்டம்மாள்" என்றும், மற்றொருவர் "டிகேபி" என்றும், வேறொருவர் "தாமல் கிருஷ்ணசாமி பட்டம்மாள்" என்றும் எழுதியிருந்தால், கருவி மூன்று பாடகிகளைக் காட்டும். ஓர் இடைவெளி கூடினாலே போதும், நான்காவது பாடகி தோன்றிவிடுவார்.

கோப்பின் பெயரும் குறிச்சொல்லும்

பலரும் கோப்பின் பெயரை மாற்றிவிட்டு, கருவியின் திரையில் பழைய பெயரே வருவது கண்டு குழம்புகிறார்கள். திரையில் தெரிவது பெரும்பாலும் கோப்பின் பெயரன்று. கோப்புக்குள் எழுதப்பட்டுள்ள குறிச்சொல். எம்பி3 கோப்புகளில் இதற்கு ஐடி3 என்று பெயர். 1996இல் எரிக் கெம்ப் உருவாக்கிய முதல் வடிவம், கோப்பின் இறுதியில் 128 பைட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டது. தலைப்பு, பாடகர், தொகுப்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் 30 பைட்டு.

ஆங்கிலத்தில் 30 பைட்டு என்றால் 30 எழுத்து. தமிழில் கணக்கு வேறு. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட்டு தேவை. உயிர்மெய்யின் கால், கொம்பு, புள்ளி ஆகியவையும் தனித்தனிக் குறியீடுகளே. "காஞ்சிபுரம்" என்ற சொல்லில் இவ்வாறு 11 குறியீடுகள் உள்ளன. அதற்கு 33 பைட்டு வேண்டும். 30 பைட்டு இடத்தில் கடைசிப் புள்ளி விழுந்து "காஞ்சிபுரம" என்றே நிற்கும். ஊர்ப் பெயருக்கே இடமில்லாத பெட்டியில் பாடல் தலைப்பு எப்படி அடங்கும்?

பின்னர் வந்த ஐடி3 இரண்டாம் வடிவம் கோப்பின் தொடக்கத்தில் எழுதப்படுகிறது. இதில் நீளத் தடை நடைமுறையில் இல்லை, ஒருங்குறியும் இடம்பெற்றது. 1999இல் வந்த 2.3 பதிப்பை ஏறக்குறைய எல்லாக் கருவிகளும் படிக்கின்றன. 2000இல் வந்த 2.4 பதிப்பைச் சில பழைய கருவிகள் படிப்பதில்லை. ஆகவே குறிச்சொற்களை 2.3 பதிப்பிலேயே சேமிப்பது பாதுகாப்பானது. எம்பி3டேக், மியூசிக்பிரெயின்ஸ் பிக்கார்டு போன்ற மென்பொருள்களால் நூற்றுக்கணக்கான கோப்புகளை ஒரே நேரத்தில் திருத்தலாம். கருவியில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் கட்டங்களே தெரியும். அங்கு ஒலிபெயர்ப்பைத் தவிர வழியில்லை. எந்த எழுத்துக்கூட்டல் என்பதைவிட, எல்லாக் கோப்பிலும் ஒன்றே இருப்பது முக்கியம்.

கர்நாடக இசையும் பொருந்தாத பெட்டிகளும்

ஐடி3 மேற்கத்திய மெல்லிசைத் தொகுப்புகளை மனத்தில் கொண்டு அமைந்தது. அதன் முதல் 80 இசை வகைகளில் கர்நாடக இசை இல்லை. ராகத்துக்கும் தாளத்துக்கும் தனி இடமும் இல்லை. இரண்டாம் வடிவத்தில் இயற்றியவருக்கு ஓர் இடம் உண்டு; தியாகராசர், தீட்சிதர் பெயர்கள் அங்கே போகலாம். ராகத்தைத் தலைப்பின் இறுதியில் சேர்ப்பதே எளிய வழி. ராகத்தை மட்டும் தலைப்பாக எழுதும் பழக்கம் வீட்டுப் பதிவுகளில் அதிகம், அது ஆபத்தானது. ஏகாம்பரேசுவரர் மீது முத்துசாமி தீட்சிதர் இயற்றிய "சிந்தய மா கந்த" பைரவி ராகம். சியாமா சாஸ்திரியின் காமாட்சி சுரஜதி ஒன்றும் பைரவியே. "பைரவி" என்று மட்டும் இருந்தால் இரண்டையும் கேட்டுப் பார்த்தே பிரிக்க வேண்டும்.

பக்கவாத்தியக்காரர்களின் நிலை இன்னும் மோசம். காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை (1889–1934) மிருதங்கத்தோடு கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் எனப் பலரையும் மேடையேற்றிய "ஃபுல் பெஞ்ச்" கச்சேரிகளுக்குப் பெயர்பெற்றவர். அத்தகைய மேடையின் கலைஞர்களை எல்லாம் பாடகர் இடத்தில் எழுதினால், கருவி அவ்வரியை ஒரே மனிதரின் பெயராகவே எடுத்துக்கொள்ளும். முதன்மைப் பாடகரை மட்டும் அங்கே வைத்து, மற்றவர்களைக் குறிப்புப் பகுதியில் எழுதலாம். அப்படியாவது எழுதிவைக்க வேண்டும். இல்லையேல் வாசித்தவர் யார் என்பது பதிவோடு வராது.

வரிசை

ஆலாபனையும் கிருதியும் தனிக் கோப்புகளாக இருக்கும்போது, கலைத்துப் போடும் வசதியை இயக்கினால் ராகம் ஓரிடத்திலும் பாட்டு வேறிடத்திலும் ஒலிக்கும். எம்பி3 குறியாக்கம் கோப்பின் முனைகளில் சிறு மௌனத்தையும் சேர்ப்பதால், ராகம் தானம் பல்லவியைத் துண்டாக்காமல் ஒரே கோப்பாக வைப்பது நல்லது.

பல மலிவான கருவிகள் பெயர் வரிசையைப் பார்ப்பதேயில்லை. அட்டையில் எந்த வரிசையில் படியெடுக்கப்பட்டதோ அதே வரிசையில் பாடுகின்றன. பெயர் வரிசையைப் பார்க்கும் கருவிகளிலும் 1க்கு அடுத்து 10 வரக்கூடும். 01, 02 என எண்ணிடுவது இதற்காகவே. குழித்தறியில் அமர்ந்து நெய்பவரின் கைகள் நாடாவிலும் கால்கள் மிதியிலும் இருக்கும். பாட்டு மாறிப்போனால் எழுந்து பொத்தானை அழுத்த முடியாது. முதலிலேயே ஒழுங்காக அடுக்கிய கோப்புறைதான் அவருக்குப் பயன்படும்.

படி எடுத்தல்

128 கிலோபிட்டு கோப்பை 320ஆக மாற்றினால் அளவு பெருகுமே தவிர, இழந்த ஒலி திரும்பாது. நாடாவிலிருந்து மாற்றும்போது இழப்பற்ற ஃபிளாக் வடிவில் மூலத்தை வைத்துக்கொண்டு, கருவிக்கு மட்டும் எம்பி3 எடுக்கலாம். நினைவக அட்டைகள் முன்னறிவிப்பின்றிப் பழுதாகும். படிக்கும்போதோ எழுதும்போதோ அட்டையைப் பிடுங்கினால் கோப்பு அட்டவணை சிதையலாம். கடையில் கிடைக்கும் பாடலானால் மறுபடி வாங்கிக்கொள்ளலாம். கோயில் விழாவில் வீட்டார் ஒருவர் நாடாவில் பிடித்த நாகசுரத்துக்கு வேறு படி இருக்காது. அது கருவியிலும் கணினியிலும், இயன்றால் மற்றோர் ஊரில் உள்ள உறவினரிடமும் இருக்க வேண்டும்.