சுடாமல் வெட்டும் ஒளி

லேசர் என்றதும் இரும்பை உருக்கி வெட்டும் தீப்பொறிதான் உங்கள் நினைவுக்கு வரும். கருகாமல் வெட்டும் லேசரும் உண்டு. அதுதான் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா லேசர்.

அகச்சிவப்பு லேசர் பொருளைச் சூடாக்கி வெட்டுவதால் ஓரம் கருகலாம். புற ஊதாக் கதிரின் அலைநீளம் குறைவு. ஆகவே அதன் ஒவ்வோர் ஒளித்துகளிலும் ஆற்றல் அதிகம். பிளாஸ்டிக் போன்றவற்றில் அது மூலக்கூறுகளின் பிணைப்பையே அறுக்கும். மேற்பரப்பில் மெல்லிய படலம் மட்டும் பறந்துவிடும். ஒவ்வொரு துடிப்பும் நொடியில் கோடியில் ஒரு பங்குகூட நீடிக்காததால், வெப்பம் உள்ளே பரவ நேரமில்லை.

1981 நவம்பரில் அமெரிக்காவின் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் இதை உயிர்த்திசுவில் சோதித்தனர். சென்னையில் பிறந்த ரங்கசாமி சீனிவாசன், விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டைக் கொண்டுவந்தார். ஜேம்ஸ் வைன், சாமுவேல் பிளம் ஆகியோருடன் சேர்ந்து அதில் 193 நானோமீட்டர் லேசரைப் பாய்ச்சினார். பச்சை லேசர் பட்ட இடம் கருகியது; புற ஊதா லேசர் வெட்டிய இடம் சுத்தமாக இருந்தது. இன்றைய லேசிக் கண் சிகிச்சைக்கு அதுவே வித்து.

தொழிற்சாலைகளிலும் இதற்கு வேலை அதிகம். மை அச்சுப்பொறிகளில் தலைமுடியைவிடக் குறுகிய துளைகளை இடுவது இந்த லேசர். கைத்தொலைபேசித் திரைகளில் 308 நானோமீட்டர் லேசர், கண்ணாடிமேல் உள்ள சிலிக்கான் படலத்தை மட்டும் கணநேரம் உருக்கிப் படிகமாக்குகிறது. அடியிலுள்ள கண்ணாடி உருகுவதில்லை.

இந்தச் செய்தியை நீங்கள் கைத்தொலைபேசியில் படித்தால், அந்த ஒளியின் கைவண்ணம் உங்கள் விரலுக்கு அடியிலேயே இருக்கலாம்.