முற்றத்துக்கு நிழலும் பழமும் தரும் இலந்தை

விருதுநகர் மாவட்டக் கரிசல் காடுகளில் நாட்டு இலந்தை தானாகவே முளைத்து நிற்கிறது. முள் குத்துகிறதென்று அதை வெட்டி வேலிக்குப் போட்டுவிட்டு, வீட்டின் முன் அழகுக்கு வேறு கன்றை விலைக்கு வாங்கி நடுகிறோம். அந்தக் கன்று கோடையில் குடம் குடமாகத் தண்ணீர் கேட்கிறது. இலந்தையின் ஆணிவேரோ ஆழத்தில் சென்று ஈரத்தைத் தேடிக்கொள்ளும்.

மேல்புறம் பளபளக்கும் பச்சையும் அடிப்புறம் வெண்மையும் கொண்ட இலைகள், குடைபோல் தாழ்ந்து விரியும் கிளைகள் ஆகியவற்றால் இம்மரம் முற்றத்துக்கு அழகு தரும். நல்ல இரகத்தை ஒட்டுக் கட்டிவிட்டால் பெரிய பழங்களும் கிடைக்கும். பனாரசி, உம்ரான், கோலா, கைத்தலி ஆகியவை நம் மாநிலத்துக்கு ஏற்றவை.

ஒட்டுக் கட்டும் முறை

வீட்டருகிலோ வரப்பிலோ நிற்கும் நாட்டுச் செடியைத் தேர்ந்தெடுங்கள். அதைப் பிடுங்கி வேறிடத்தில் நட வேண்டாம். ஆணிவேர் அறுபட்டால் வறட்சியைத் தாங்கும் திறன் குறைந்துவிடும். மார்ச் மாதத்தில் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் வெட்டிவிடுங்கள். துளிர்ப்பவற்றில் நேராக வளரும் ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றை நீக்க வேண்டும். அது பென்சில் கனம் வந்ததும், ஜூன், ஜூலை மாதங்களில் நல்ல இரகத்தின் மொட்டை வைத்துக் கட்டுங்கள். மொட்டு பிடித்தபின் அதற்கு மேலுள்ள நாட்டுத் தண்டை வெட்டிவிட வேண்டும். ஒட்டுக்குக் கீழே வரும் துளிர்களை அவ்வப்போது கிள்ளாவிட்டால் நாட்டுச் செடியே மேலோங்கிவிடும்.

வரிசையாக வளர்ப்போர் மரத்துக்கு மரம் 8 மீட்டர் இடைவெளி விட வேண்டும்.

பராமரிப்பு

புதுக் கிளைகளில்தான் பூ பிடிக்கும். ஆகவே அறுவடை முடிந்ததும் ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச்சில் கவாத்து செய்ய வேண்டும். பழ ஈ தாக்கி உதிர்ந்த பழங்களைப் பொறுக்கி அழித்து, கோடையில் மரத்தடி மண்ணைக் கொத்திவிடுங்கள். மண்ணிலுள்ள கூட்டுப்புழுக்கள் வெயிலில் மடியும். பிள்ளைகள் விளையாடும் பக்கம் தாழ்ந்து வரும் முட்கிளைகளை நறுக்கிவிடுங்கள்.

சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தினருக்கு ஓர் எச்சரிக்கை. இலந்தை கோடையில் இலையுதிர்க்கும். காய்ந்த சருகில் தீ எளிதில் பரவும். ஆகவே பட்டாசு, தீப்பெட்டி ஆலைக் கட்டடங்களை ஒட்டி இதை வளர்க்கக் கூடாது. வீட்டு முற்றத்திலும் சருகைக் கூட்டி எருக்குழியில் போடுங்கள்.

ஆலை வேலைக்குப் பலரும் சென்றுவிடுவதால் காட்டு வேலைக்கு ஆள் கிடைப்பது அரிது. இம்மரத்துக்கு ஆள் தேவையும் குறைவு. விற்றது போக மிஞ்சும் பழத்தை இலந்தை வடையாகத் தட்டிக்கொள்ளலாம்.

இரகத் தேர்வு பற்றிய ஐயங்களுக்கு அருப்புக்கோட்டையிலுள்ள வேளாண்மைப் பல்கலைக்கழக மண்டல ஆராய்ச்சி நிலையத்தை அணுகலாம். இந்த ஆண்டு வரப்பிலுள்ள இலந்தையை வெட்டுமுன், ஒரு செடியையாவது ஒட்டுக் கட்டிப் பாருங்கள்.