பல்கலைக்கழகத்திற் பொது உயிரியல்



உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வந்து, பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளிகளும் அறிவிக்கப்பட்டதும், உயிரியற் பிரிவிற் கற்ற மாணவர் பலருடைய இல்லங்களில் ஒருவகைத் துக்கம் குடிபுகுவதைக் காண்கின்றோம். மருத்துவ பீடத்தில் இடம் பெறாது விஞ்ஞான பீடத்தில் இடம் பெற்ற பிள்ளையை உற்றாரும் ஊராரும் தோல்வியுற்றதாகவே கருதுகின்றனர். அப்பிள்ளையும் மனமின்றியே முதலாம் ஆண்டு வகுப்பிற் போய் அமர்கின்றது. யான் கலைப் பட்டதாரி. எனினும், இத்தகைய மாணவரைப் பல்லாண்டுகளாகப் பாடசாலையிலிருந்து வழியனுப்பி வருபவன் என்ற உரிமையினால், அவர்களுக்கும் அவர்தம் பெற்றோருக்கும் சில கூற விரும்புகின்றேன்.

முதலாம் ஆண்டிற் கற்பிக்கப்படும் பொது உயிரியலின் தலைப்புகளை நோக்கின் அவை பழையனவாகவே தோன்றும். கலம், பரம்பரை, கூர்ப்பு, உடற்றொழில், சூழல் என்பனவே அங்கும் உள. இவற்றையெல்லாம் முன்னரே கற்றோமே என்று மாணவர் அயர்ந்துவிடுதலும் உண்டு. ஆயின் வினா மாறிவிடுகின்றது. "இவ்வுறுப்பின் பெயர் யாது?" என்று பாடசாலை கேட்டது. "இஃது இவ்வாறு நிகழ்கின்றதென எங்ஙனம் அறிந்தோம்?" என்று பல்கலைக்கழகம் கேட்கின்றது. முன்னைய வினாவுக்கு மனனம் போதும், பின்னையதற்குப் போதாது.

நம் நாட்டு வரலாற்றிலிருந்தே ஓர் உதாரணம் தருவேன். 1934 ஆம் ஆண்டில் மழை பொய்த்தது. நீர்வளம் மிக்க தென்மேற்குப் பகுதியின் ஆறுகளும் வற்றி, மணலிடையே சிறு சிறு குட்டைகளாயின. அதனைத் தொடர்ந்து பரவிய மலேரியாக் காய்ச்சலினால், 1935 ஆம் ஆண்டுக்குள் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர்.

மழை மிகுந்தால் நுளம்பு பெருகும் என்பதே நாம் அறிந்தது. மழை பொய்த்தபோது காய்ச்சல் பெருகியது ஏன்? இலங்கையில் இந்நோயைப் பரப்பிய அனோபிலிசு நுளம்பு, வெயில் படும் தெளிந்த குட்டைகளை நாடி முட்டையிடும் இயல்பினது. ஆறு பெருகியோடும்போது குடம்பிகள் அடித்துச் செல்லப்படும். ஆறு வற்றியபோதோ அவை குட்டைகளிற் செழித்தன. இது சூழலியல். நோய் அரிதாயிருந்த ஊர்களின் மக்கள் உடலில் அதனை எதிர்க்கும் ஆற்றல் இல்லை. இது நிர்ப்பீடனம். பெண் நுளம்பு மாத்திரமே குருதி குடிப்பது, முட்டை விருத்திக்கு அது வேண்டியிருத்தலினால். இது இனப்பெருக்கம். நடுக்கமும் காய்ச்சலும் விட்டுவிட்டு வருவது, ஒட்டுண்ணி செங்குழியங்களுட் பெருகி, அவற்றை உடைத்துக்கொண்டு ஒருங்கே வெளிப்படுதலினால். இது கலவியல்.

கதை அத்துடன் முடியவில்லை. டீ.டீ.ரீ. மருந்து தெளித்தும் நோயாளரைத் தேடிக் கண்டு சிகிச்சையளித்தும் வந்தமையால், 1963 ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் 17 பேரே நோயுற்றனர். தெளிப்பு நிறுத்தப்பட்டது, கண்காணிப்புத் தளர்ந்தது, 1968, 1969 ஆம் ஆண்டுகளில் நோய் பெருவாரியாக மீண்டது. மீண்டும் மருந்தை எடுத்தபோது, அதற்கு இறவாத நுளம்புகள் தோன்றியிருந்தன. நுளம்புகள் மருந்துக்குப் "பழகிவிட்டன" என்று கூறுதல் பிழையாகும். எதிர்க்கும் பண்பைப் பிறப்பிலேயே பெற்றிருந்த சில தப்பிப் பிழைத்தன. அவற்றின் வழித்தோன்றல்களே பெருகின. தாவின் 1859 ஆம் ஆண்டில் விளக்கிய இயற்கைத் தேர்வு இதுவே. புதிய மருந்துகளாலும் இடையறாத கண்காணிப்பினாலும் 2016 ஆம் ஆண்டிலேயே இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அவ்வெற்றியில் மருத்துவருக்குப் பங்குண்டு. குட்டை குட்டையாகச் சென்று குடம்பிகளை எடுத்து ஆராய்ந்த பூச்சியியலாளருக்கும் பங்குண்டு.

ஒரு காய்ச்சலை விளங்கிக்கொள்ளப் பாடநூலின் ஐந்து அத்தியாயங்கள் வேண்டியிருந்தன. தனித்தனியே மனனஞ் செய்தவற்றை இவ்வாறு இணைத்துப் பார்க்கப் பழக்குவதே பொது உயிரியலின் பணி.

இனி, கற்கும் முறை பற்றி இரண்டொரு வார்த்தை. செய்முறை வகுப்பிலே, நூலிலுள்ள படத்தை வரையாது கண்ணாற் கண்டதை வரைதல் வேண்டும். வெங்காயத்தின் உட்புறத்து மெல்லிய தோலை உரித்து, அயடீன் துளியிட்டு நுணுக்குக்காட்டியில் நோக்கினால், கலச்சுவரும் கருவும் தெரியும்; பச்சையவுருமணிகள் தெரியமாட்டா. நூற்படத்தில் உள்ளனவென்று அவற்றையும் வரைந்துவிடும் மாணவர் உளர். மண்ணுக்குள் இருக்கும் அப்பகுதியில் அவை ஏன் இல்லையென வினவுபவனே உயிரியல் கற்கத் தொடங்குகின்றான்.

தமிழிற் கற்றுச் சென்றோரை ஆங்கில விரிவுரை அச்சுறுத்துவதும் உண்மையே. ஆயினும் அவர்கள் வெறுங்கையராகச் செல்லவில்லை. "போட்டோசிந்தெசிசு" என்னுஞ் சொல்லின் முற்பகுதி ஒளியையும் பிற்பகுதி தொகுப்பையும் குறிக்கும். ஒளித்தொகுப்பு என்று முன்னரே அறிந்தோமன்றோ? "குரோமோசோம்" என்பது நிறம், உடல் என்னும் இரு கிரேக்கச் சொற்களாலானது. நம் நிறமூர்த்தமும் அதுவே. குறிப்பேட்டில் இரு சொற்களையும் அருகருகே எழுதிவரும் மாணவருக்குச் சில மாதங்களில் அச்சம் நீங்கும், பொருளும் தெளிவாகும்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை பெற்றது இரண்டாந்தரக் கல்வியன்று. நெல்லைத் தாக்கும் நோயும், கடலில் அருகிவரும் மீன்வளமும், இன்றும் நம்மை வருத்தும் டெங்கு நுளம்பும் ஆராய்வோரை வேண்டி நிற்கின்றன. கைக்கெட்டாத இடத்தை எண்ணி முதலாம் ஆண்டை இழந்துவிடாதிருக்க, வீட்டிற் கூறப்படும் ஓர் ஆறுதல் மொழி பேருதவி புரியும்.