ஒரே பயிற்சித் தளம், தனித்தனி அறைகள்: கணினி வழிப் பயிற்சியில் வணிகர் கவனிக்க வேண்டியவை

நாரணாபுரம் வட்டாரத்தில் எந்தப் பட்டாசு ஆலைக்குள் நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுவது, அறைகள் ஒன்றையொன்று ஒட்டாமல் தள்ளித் தள்ளி நிற்பதுதான். மருந்து கலக்கும் அறை ஒருபுறம், மருந்து செலுத்தும் அறை வேறொருபுறம். வளாகம் ஒன்று, உரிமம் ஒன்று. ஆனாலும் ஓர் அறையில் பிடித்த தீ அடுத்த அறைக்குத் தாவக் கூடாது என்பதற்காக இடைவெளி விட்டுக் கட்டுகிறார்கள். ஓர் அறைக்குள் எத்தனை பேர் இருக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. இந்த ஏற்பாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், இப்போது நம் கடைகளைத் தேடி வரும் ஒரு புதிய சேவையை எடைபோடுவது எளிது.

“உங்கள் ஆட்களுக்குக் கைபேசியிலேயே பயிற்சி தருகிறோம், தேர்வும் வைக்கிறோம், சான்றிதழும் உண்டு” என்று பயிற்சி நிறுவனங்கள் வருகின்றன. அவர்களிடம் இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு கணினித் தளம். அதிலேயே ஆலைக்காரரின் ஆட்களும், எண்ணெய்ச் செக்குக்காரரின் ஆட்களும், பருப்பு மொத்த வியாபாரியின் ஆட்களும், உணவு விடுதிப் பணியாளர்களும் பாடம் படிப்பார்கள். இதில் தவறொன்றும் இல்லை. ஆறு பேர் வேலை செய்யும் பலசரக்குக் கடை தனக்கென ஒரு தளம் வைத்துக்கொள்வது கட்டுப்படியாகாத காரியம். பலர் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொள்வதுதான் நியாயம். கேட்க வேண்டிய கேள்வி, அந்தத் தளத்துக்குள் சுவர்கள் இருக்கின்றனவா என்பதே.

பயிற்சியே எதற்கு என்று சில உறுப்பினர்கள் நினைக்கக்கூடும். உணவுப் பொருள் வணிகத்தில் இது இனி விருப்பத்தைப் பொறுத்ததன்று. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2017இல் ‘ஃபோஸ்டாக்’ என்ற பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. (சுங்கச் சாவடியில் காட்டும் ஃபாஸ்டேக் வேறு, இது வேறு.) மத்திய அல்லது மாநில உரிமம் பெற்ற இடம் ஒவ்வொன்றிலும், உணவைக் கையாளும் 25 பேருக்கு ஒருவர் வீதம் பயிற்சி பெற்ற உணவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் இருக்க வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. அந்தச் சான்றிதழுக்குக் காலவரம்பும் உண்டு. யாருடைய சான்று எப்போது முடிகிறது என்பதைப் பெயர்வாரியாகக் குறித்து வைக்காதவர், ஆய்வாளர் வந்து நிற்கும்போது அலமாரியைக் குடைய வேண்டியிருக்கும்.

ஒரே தளத்தைப் பலர் பகிர்ந்துகொள்வது சோதனை முயற்சி என்று எண்ண வேண்டாம். நம் பிள்ளைகளின் பாடநூல்களில் கட்டம் கட்டமாக ஒரு குறி அச்சிட்டிருக்கிறதே, அதைக் கைபேசியில் காட்டினால் திறக்கும் ‘தீக்ஷா’ தளம் 2017இல் தொடங்கப்பட்டது. பல மாநிலங்களும் மத்தியக் கல்வி வாரியமும் அந்த ஒரே தளத்தில்தான் இருக்கின்றன. 2020இல் ‘நிஷ்டா’ ஆசிரியர் பயிற்சியை அதே தளத்தில் நடத்தியபோது, ஒவ்வொரு மாநில ஆசிரியரும் தம் மாநிலத்துக்கென்று திறந்த வகுப்பில், தம் மொழியில் சேர்ந்தார்கள். பாடத்தின் சரக்கு பொது. ஆள் பட்டியல் தனி. அரசு ஊழியர்களுக்கு 2020இல் ஒப்புதல் பெற்ற கர்மயோகித் திட்டத்தின் தளத்திலும் அந்தந்தத் துறை தன் ஊழியர்களைத் தானே சேர்த்து நிர்வகிக்கிறது. இத்துறையினர் இப்படிச் சேரும் ஒவ்வொரு நிறுவனத்தையும் ‘டெனன்ட்’ என்கிறார்கள். குடித்தனக்காரர் என்று பொருள். வளவு பொது, அடுப்படி தனி.

இனி, சுவர் எப்படிக் கட்டப்படுகிறது என்பதைப் பார்ப்போம். பயிற்சி நிறுவனங்கள் பரவலாகக் கையாளும் ‘மூடுல்’ என்ற மென்பொருள், ஆஸ்திரேலியாவின் மார்ட்டின் டுஜியாமஸ் உருவாக்கி 2002இல் வெளிவந்தது. உரிமக் கட்டணம் இல்லாதது. ஆனால் அது ஒரு பள்ளிக்கூடத்தை மனத்தில் வைத்து எழுந்தது. அதன் சாதாரண வடிவில், தளத்தில் உள்ள எல்லோரும் ஒரே வருகைப் பதிவேட்டில் இருப்பார்கள். குழு குழுவாகப் பிரித்துக் காட்டலாம். அது கயிறு கட்டிப் பிரித்த இடம் போன்றது, சுவர் அன்று. நிர்வாகி ஓரிடத்தில் அமைப்பை மாற்ற மறந்தால், ஒரு கடையின் ஆட்கள் மற்றொரு கடையின் ஆட்களுடைய பெயரையும் மதிப்பெண்ணையும் பார்த்துவிடலாம். நிறுவனங்களுக்கென்றே வந்த ‘மூடுல் ஒர்க்பிளேஸ்’ போன்ற வடிவங்களில் குடித்தனக்காரர் ஒவ்வொருவருக்கும் தனி ஆள் பட்டியல், தனி நிர்வாகி, தனிப் பெயர்ப்பலகை என்று பிரித்தே வைக்கலாம். மூன்றாவது வழி, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் முற்றிலும் தனித் தளம். பாதுகாப்பு அதிகம், செலவும் பராமரிப்பும் அத்தனை மடங்கு. பெரிய ஆலைகளுக்கு அது சரி. நம் போன்றோருக்கு இரண்டாவது போதும் என்பது என் கருத்து.

சுவர் இல்லாவிட்டால் என்ன கெட்டுவிடும்? வியாபாரிக்குச் சொல்ல வேண்டியதில்லை. பொட்டலம் கட்டுவதில் கை வேகம் உள்ளவர் யார், கணக்கில் தேர்ந்தவர் யார், எத்தனை பேர் வேலைக்கு இருக்கிறார்கள் என்பதெல்லாம் பயிற்சிப் பதிவேட்டில் இருக்கிறது. நல்ல ஆள் கிடைப்பதே அரிதாகிவிட்ட காலத்தில், அந்தப் பட்டியல் எதிர்க்கடைக்காரர் கையில் கிடைப்பதும், பண்டிகைக்கு முதல் வாரம் ஆள் போவதும் ஒன்றுதான். மொத்த வியாபாரிக்குத் தம் சரக்கைச் சேமிக்கும் முறை பற்றிய சொந்தப் பாடம் இருந்தால், அதுவும் அவர் அறைக்குள்ளேயே இருக்க வேண்டும்.

சுவர் கட்டியும் பயனில்லாமல் போவது பாஸ்வேர்டு விஷயத்தில். கடையின் நிர்வாகி பாஸ்வேர்டைப் பயிற்சி நிறுவனத்துப் பையனிடமே கொடுத்து, “நீயே எல்லாரையும் சேர்த்துவிடு தம்பி” என்று சொல்லிவிடுகிறோம். அவர் அதை வேறொருவருக்குத் தருகிறார். பட்டாசுத் தொழிலில் உள்குத்தகை எத்தனை கேடுகளுக்கு இடம் கொடுத்தது என்பதை இவ்வட்டாரத்தில் யாருக்கும் விளக்க வேண்டாம். இதுவும் உள்குத்தகைதான்.

அடுத்தது கைபேசி எண். நகரத்து நிறுவனங்களுக்கு இது தோன்றாது. நமக்கு அன்றாடப் பிரச்சினை. பெரும்பாலான தொழிலாளர்களுக்கு மின்னஞ்சல் கிடையாது. கணவர் மொத்தக் கடையில் மூட்டை இறக்குகிறார், மனைவி ஆலையில் வேலை செய்கிறார், வீட்டில் ஒரே கைபேசி. எண்ணை வைத்து ஆளை அடையாளம் காணும் தளம், இருவரையும் ஒருவராக எண்ணிவிடும். மனைவி எழுதிய பாதுகாப்புத் தேர்வு கணவர் பெயரில் ஏறும். ஆகவே பணியாளர் எண் அல்லது கடையே வழங்கும் தனிக் குறியீட்டைக் கொண்டு உள்நுழையும் வசதி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். மேஸ்திரி ஒருவரே தம் கைபேசியில் பத்துப் பேருக்கும் விடை எழுதி முடிப்பது வேறு கதை. அதற்கு எந்த மென்பொருளும் மருந்தாகாது.

தொழிலாளி கடை மாறினால் பதிவு யாருக்கு? சான்றிதழ் அவருடையது, அதன் பிரதி அவர் கையில் இருக்க வேண்டும். பயிற்சி நடந்ததற்கான பதிவு கடைக்காரருடையது. அவர் ஆய்வாளருக்குக் காட்ட வேண்டியது. புதிய கடையில் சேரும்போது அவர் புதிய அறையில் புதிய ஆளாகவே சேர வேண்டும். பழைய கடையின் மதிப்பெண் பட்டியல் அவரோடு சேர்ந்து போகக் கூடாது. 2023இல் நிறைவேறிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இங்கே வருகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன. வேலையை வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைத்தாலும், விவரங்களைத் திரட்டச் சொன்னவருக்கே பொறுப்பு என்பது அச்சட்டத்தின் நிலை. பாதுகாப்பில் தவறினால் அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். அந்தத் தொகை பலசரக்குக் கடையைக் குறிவைத்துச் சொன்னதல்ல என்றாலும், பொறுப்பு யாருடையது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

கட்டணப் பேச்சில் இரண்டு விஷயங்கள். தலைக்கு இவ்வளவு என்றால், வேலையை விட்டுப் போனவரையும் தலை என்று எண்ணுகிறார்களா என்று கேளுங்கள். தீபாவளிக்கு மூன்று மாதம் மட்டும் ஆள் எடுப்பவர்களுக்கு இதில் கணிசமான பணம் போகும். உடன்பாடு முடிந்தால் பதிவேடு முழுவதையும் சாதாரணக் கணக்குத் தாள் வடிவில் திருப்பித் தருவார்களா, எத்தனை நாளில் தருவார்கள், தம்மிடம் உள்ள பிரதியை எப்போது அழிப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை போதாது.

முன்பணம் கொடுப்பதற்கு முன் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. இரண்டு வெவ்வேறு கடைகளின் பெயரில் மாதிரிக் கணக்குகள் திறக்கச் சொல்லுங்கள். ஒரு கடையின் மேற்பார்வையாளராக உள்ளே போய், மற்றக் கடையின் பணியாளர் பெயரைத் தேடுங்கள். பட்டியல், மதிப்பெண், கேள்வி பதில் பகுதி, சான்றிதழ் தேடும் இடம் என நான்கிலும் தேடுங்கள். ஓரிடத்தில் பெயர் வந்துவிட்டாலும், சரிசெய்து காட்டும்வரை பணத்தைப் பெட்டியிலேயே வைத்திருங்கள்.