உழைப்புக்கேற்ற உணவு: எல்லைக் கிராமங்களில் கலோரிக் கணக்கு

ஒரு மனிதனுக்கு நாள்தோறும் எவ்வளவு உணவு தேவை என்னும் வினா மருத்துவத் துறைக்கு மட்டும் உரியதன்று. வறுமையை அளப்பதற்கும், பங்கீட்டுத் தானியத்தின் அளவை வகுப்பதற்கும், பள்ளிச் சத்துணவைத் திட்டமிடுவதற்கும் இவ்வினாவின் விடையே அடிப்படையாக இருந்து வந்துள்ளது. இவ்விடையைக் குறிக்கும் அலகு கலோரி. உணவியலில் கலோரி எனப்படுவது உண்மையில் கிலோ கலோரியே. ஒரு கிராம் மாவுச்சத்து அல்லது புரதம் உடலுக்கு நான்கு கலோரியும், ஒரு கிராம் கொழுப்பு ஒன்பது கலோரியும் அளிக்கின்றன.

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியிலுள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகள் இக்கணக்கை ஆராய ஏற்ற களமாகும். 1956 நவம்பர் 1-இல் மாநிலங்கள் மொழிவழி திருத்தி அமைக்கப்பட்டபோது விளவங்கோடு, கல்குளம் உள்ளிட்ட தென் தாலுகாக்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கு இருபுறமும் தமிழும் மலையாளமும் வழங்குகின்றன. உணவுப் பழக்கமும் பெரும்பாலும் ஒன்றே. ஆனால் உழைப்பின் தன்மை இங்கு ஒன்றன்று. பாலராமபுரத்தில் குழித்தறியில் அமர்ந்து நெய்பவர், பொழியூர்க் கரையில் வலை இழுப்பவர், தென்னையும் பனையும் ஏறுபவர், ரப்பர் பால் வெட்டுபவர், அரசு அலுவலகத்தில் எழுதுபவர் எனப் பல திறத்தினர் சில கிலோமீட்டர் வட்டத்திற்குள் வாழ்கின்றனர். இவர்கள் அனைவருக்கும் ஒரே அளவு உணவு பொருந்துமா?

சராசரியின் வரலாறு

1979-இல் திட்டக் குழுவின் பணிக்குழு, கிராமப்புறத்தில் நபர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,400 கலோரி, நகர்ப்புறத்தில் 2,100 கலோரி என வரையறுத்தது. 1973–74 விலைவாசியில் இவ்வளவு உணவை உட்கொள்ளும் மக்களின் மாதச் செலவு கிராமத்தில் ரூ.49.09 எனவும், நகரில் ரூ.56.64 எனவும் கணக்கிடப்பட்டது. இதுவே பல்லாண்டுகள் வறுமைக் கோடாக விளங்கிற்று. இதற்கு முன்னர், 1971-இல் தாண்டேகரும் ரத்தும் தம் ஆய்வில் 2,250 கலோரியை அளவுகோலாகக் கொண்டிருந்தனர்.

புள்ளியியல் அறிஞர் பி.வி. சுகாத்மே இம்முறையை வன்மையாக மறுத்தார். மனிதருக்கு மனிதர் தேவை மாறுபடும்; ஆகவே சராசரிக்குக் கீழே உண்பவர் அனைவரையும் ஊட்டக் குறைவுற்றோர் எனக் கொள்வது தவறு என்பது அவர் வாதம். 2009-இல் டெண்டுல்கர் குழு கலோரியை மட்டுமே நங்கூரமாகக் கொள்ளும் முறையைக் கைவிட்டது. 2014-இல் ரங்கராஜன் குழு கிராமத்திற்கு 2,155, நகரத்திற்கு 2,090 என மீண்டும் ஓர் அளவை வகுத்தது.

இவ்வெண்கள் எல்லாம் குழந்தை, முதியவர், உழைப்பாளி, ஓய்வு பெற்றவர் ஆகிய அனைவரையும் சேர்த்துப் பெற்ற சராசரிகள் என்பதை மறத்தலாகாது. மக்கள்தொகையை அளப்பதற்கு அவை பயன்படும். தனி மனிதரின் தட்டில் எவ்வளவு இடுவது என்பதற்கு அவை வழிகாட்டா.

தனி மனிதருக்குரிய கணக்கு

தனி மனிதரின் தேவையை அறிய இரண்டு செய்திகள் வேண்டும். ஒன்று, உடல் அசையாது கிடக்கும்போதும் மூச்சு, குருதியோட்டம் முதலியவற்றிற்குச் செலவாகும் அடிப்படை ஆற்றல். மற்றொன்று, அதனைப் போல் எத்தனை மடங்கு உழைப்பில் செலவாகிறது என்பது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட அளவுகள், 65 கிலோ எடையுள்ள ஆணுக்கும் 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கும் பின்வருமாறு அமைந்துள்ளன: அமர்ந்த வேலை செய்யும் ஆணுக்கு 2,110, பெண்ணுக்கு 1,660, நடுத்தர உழைப்பில் ஆணுக்கு 2,710, பெண்ணுக்கு 2,130, கடும் உழைப்பில் ஆணுக்கு 3,470, பெண்ணுக்கு 2,720 கலோரி. எடை குறைந்தவருக்கு இவை குறையும், கூடியவருக்குக் கூடும்.

இவ்வெண்கள் பிறக்கும் விதத்தை எளிதில் விளக்கலாம். மேற்கூறிய ஆணின் அடிப்படை ஆற்றல் நாளொன்றுக்குச் சுமார் 1,500 கலோரி. எட்டு மணி நேர உறக்கத்தில் இதே வீதத்திலும், வேலையல்லாத எட்டு மணி நேரத்தில் 1.4 மடங்கும் ஆற்றல் செலவாவதாகக் கொள்வோம். எஞ்சிய எட்டு மணி நேர வேலை 1.8 மடங்கு எனில் நாளின் சராசரி 1.4 ஆகும், வேலை 3 மடங்கு எனில் 1.8, வேலை 4.5 மடங்கு எனில் 2.3. இந்தச் சராசரியை 1,500-ஆல் பெருக்கினால் முறையே ஏறத்தாழ 2,100, 2,700, 3,450 கலோரி கிடைக்கும்.

ஆகவே தொழிலின் பெயரைக் கேட்டால் போதாது. இருபத்து நான்கு மணி நேரமும் எவ்வாறு கழிகிறது என்பதைக் கேட்டல் வேண்டும். இவ்வகையில் மிகுதியும் பிழைபடுவது பெண்களின் கணக்கு. பகலில் எட்டு மணி நேரம் மண்வேலை செய்து, காலையும் மாலையுமாக நான்கு மணி நேரம் நீர் சுமத்தல், விறகு பிளத்தல், ஆடு பேணல் என உழைக்கும் பெண்ணின் நாளைக் கணக்கிடுவோம். மண்வேலை 3 மடங்கு, வீட்டு வேலை 2.5 மடங்கு எனக் கொண்டால் நாளின் சராசரி 2-ஐ நெருங்கும். தேவை சுமார் 2,350 கலோரி. அவரை ‘இல்லத்தரசி’ என்று பதிந்து 1,660 கலோரி போதுமென்றால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 700 கலோரி கணக்கில் வராமற் போகிறது. வீட்டில் இறுதியாக உண்பவரும் பல வேளை அவரே.

மரச்சீனியின் பங்கு

இப்பகுதியின் உணவைப் பற்றிய கணக்கில் மரச்சீனிக் கிழங்கை விட்டுவிட இயலாது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இதன் சாகுபடியை ஊக்குவித்தார். இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல் பர்மா அரிசியின் வரவு நின்றபின், ஏழை மக்களின் பசியைத் தணித்தது இக்கிழங்கே. 1963-இல் திருவனந்தபுரத்தை அடுத்த ஸ்ரீகாரியத்தில் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது.

நூறு கிராம் பச்சைக் கிழங்கு சுமார் 160 கலோரி தரும்; அதே எடை அரிசி சுமார் 350 கலோரி தரும். ஆனால் அரிசியில் ஏழு கிராம் அளவில் புரதம் இருக்க, கிழங்கில் ஒரு கிராம் அளவே உள்ளது. கலோரி இலக்கு நிறைந்தும் புரதம் குறைவது இதனால் நேர்கிறது. மரச்சீனியுடன் சாளை மீனையும், கஞ்சியுடன் பயற்றையும் சேர்த்துண்ணும் வழக்கம் இக்குறையைப் போக்கும் நல்வழக்கமாகும்.

இருமுனைச் சிக்கல்

இன்று இக்கிராமங்களில் இரு வேறு குறைகள் அருகருகே நிற்கின்றன. உடலுழைப்பை விட்டு அலுவலகத்திற்கும் கடைக்கும் வாகனத்திற்கும் மாறியவரின் தேவை 2,710-லிருந்து 2,110-ஆகக் குறைகிறது. தட்டு மாறவில்லையெனில் நாளொன்றுக்கு 600 கலோரி, அதாவது சுமார் 170 கிராம் அரிசிக்கு ஈடானது, மிகையாகிறது. மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, நாட்டின் நீரிழிவு வீதம் 11.4 விழுக்காடாக இருக்க, கேரளத்தில் அது 25.5 விழுக்காடு. உழைப்புக் குறைந்ததும் உணவு குறையாததும் இதற்குரிய காரணங்களுள் முக்கியமானவை.

உடற்பயிற்சியால் இதனை ஈடு செய்யலாமா? 65 கிலோ எடையுள்ளவர் அரைமணி நேரம் விரைந்து நடந்தால், அமர்ந்திருப்பதைவிடக் கூடுதலாகச் செலவாவது ஏறத்தாழ 65 கலோரியே. அது 20 கிராம் அரிசிக்குச் சமம். வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020-இல் கூறியிருப்பது இதயத்திற்கும் குருதிச் சர்க்கரைக்கும் நன்மை பயப்பதால் முற்றிலும் பின்பற்றத்தக்கது. ஆயினும் நடந்துவிட்டோம் என்பதற்காகச் சோற்றைக் கூட்டுவதற்கு அதில் இடமில்லை.

மறுபுறம், கல்லுடைப்பவருக்கும் சுமை தூக்குபவருக்கும் 3,470 கலோரி தேவை. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி முன்னுரிமைக் குடும்பத்தினர் ஒருவருக்கு மாதம் ஐந்து கிலோ தானியம் கிடைக்கிறது. அது நாளொன்றுக்குச் சுமார் 580 கலோரியாகும். கடும் உழைப்பாளியின் தேவையில் ஆறில் ஒரு பங்கு. எஞ்சியதை அவர் கூலியிலிருந்தே பெற வேண்டும். மழைக்காலத்தில் வேலை நின்றால் அப்பங்கு உடனே சுருங்குகிறது.

செய்யத்தக்கன

அங்கன்வாடிப் பணியாளரும் துணைச் சுகாதார நிலையத்தாரும் குடும்பங்களுக்கு அறிவுரை கூறும்போது மூன்று படிகளைப் பின்பற்றலாம். முதலில், எடையும் உயரமும் காணுதல். அடுத்து, உறக்கம், கூலி வேலை, வீட்டு வேலை, ஓய்வு என நாளின் மணிகளைக் கேட்டுப் பதிதல். மூன்றாவதாக, அதற்கேற்ற இலக்கை அரிசி, கிழங்கு, பயறு, மீன், தேங்காய் எனக் குடும்பத்தார் அறிந்த பண்டங்களின் அளவாக அவர்கள் பேசும் மொழியிலேயே கூறுதல். சில மாதங்கள் கழித்து மீண்டும் எடை காண்பதே கணக்கின் சோதனை. வளர்ந்தவரின் எடை ஏறிக்கொண்டே சென்றால் இலக்கு மிகை. உழைப்பவரின் எடை இறங்கினால் இலக்கோ, அதை அடையும் வருவாயோ போதவில்லை என்பது பொருள்.

முன்னதற்கு மருந்து தட்டில் உள்ளது. பின்னதற்கு மருந்து கூலியிலும் பங்கீட்டிலும் உள்ளது. இரண்டையும் ஒரே சராசரியால் அளந்தால், குறைக்க வேண்டிய இடத்தில் கூட்டவும், கூட்ட வேண்டிய இடத்தில் குறைக்கவும் நேரிடும். திட்டமிடுவோர் இவ்வேறுபாட்டை உணர்ந்து செயற்படுதல் இன்றியமையாதது.