சதுப்பு நிலத்தின் ஐந்தொகை

கொழும்பு மாநகரின் கிழக்கெல்லையைத் தாண்டியதும், கொலன்னாவையில் எண்ணெய்த் தாங்கிகளுக்கும் நெருங்கிய வீடுகளுக்கும் இடையே கோரையும் ஆற்றுவாழையும் மண்டிக் கிடக்கும் தாழ்ந்த நிலத்தை, காணி விற்போரும் வாங்குவோரும் நெடுங்காலமாக வெறுங்காணி என்றே மதித்து வந்திருக்கின்றனர். ஆனால், ஜீவராசிகளுக்கும் அவை வாழும் சூழலுக்கும் உள்ள பரஸ்பர சம்பந்தத்தை ஆராயும் சூழலியல் என்னும் சாஸ்திரத்தின் கண்கொண்டு நோக்குவோமாயின், அந்நிலத்தைப் போல ஓயாது உழைக்கும் காணி கொழும்பிலே வேறொன்று இருப்பது அரிது.

இச்சாஸ்திரத்துக்கு 1866இல் பெயர் சூட்டியவர் ஹெக்கல் என்னும் ஜெர்மானிய விலங்கியலறிஞர். உயிர்களையும் அவற்றைச் சூழ்ந்த மண், நீர், வெயில் முதலியவற்றையும் பிரித்துப் பாராமல் ஒரே சூழற்றொகுதியாகக் கொள்ளல் வேண்டுமென 1935இல் எடுத்துரைத்தவர் டான்ஸ்லி என்னும் ஆங்கிலேயர். வியாபாரியின் ஐந்தொகையைப் போலவே இத்தொகுதியிலும் உட்புகுந்த எதுவும் கணக்கில்லாமல் மறைவதில்லை. கோரை வெயிலைக்கொண்டு ஆக்கும் உணவைப் பூச்சியும் நத்தையும் சிறுமீனும் உண்ண, மீனை நீர்க்காகமும் கொக்கும் உண்ண, இரவில் கால்வாயோரமாகப் பதுங்கி வரும் மீன்பிடிப் பூனை இவற்றுக்கெல்லாம் மேற்படியில் நிற்கின்றது. ஒவ்வொரு படியிலும் பெரும்பகுதிச் சக்தி உடலியக்கத்திலும் வெப்பத்திலும் கழிய, ஒரு சிறு பங்கே, பொதுவாகப் பத்தில் ஒன்றென்பர், அடுத்த படிக்குச் சேரும். இவ்வாறு சக்தியைப் படிப்படியாகக் கணக்கிடும் வழியை, மினசோட்டாவிலே சிறு ஏரியொன்றை ஆராய்ந்து 1942இல் காட்டிய லிண்டமன் என்னும் ஆய்வாளர், தம் கட்டுரை அச்சேறுமுன்னரே இளவயதில் காலமானார். கொக்குகள் கூட்டமாய் நிற்கும் சதுப்பிலே மீன்பிடிப் பூனை அருகியே காணப்படுவதற்கு இக்கணக்கே காரணம். அது பிழைத்திருக்கப் பரந்த சதுப்பு வேண்டும், துண்டுகள் போதா.

காலை வேளையில் இப்பக்கம் செல்வோர் நீலத்தாழைக்கோழியைச் சற்று நின்று பார்க்கலாம். நீண்ட விரல்களை அகல விரித்து, மிதக்கும் செடிகளின்மேல் அமிழாமல் நடந்துவரும் அப்பறவை, தண்டொன்றைச் சிவந்த அலகால் இழுத்தெடுத்து, ஒரு காலால் பற்றித் தூக்கி, மேற்பட்டையை நீக்கி, உள்ளிருக்கும் மெல்லிய வெண்சோற்றை மாத்திரம் தின்னும்.

அது நடந்துவரும் ஆற்றுவாழையோ இந்நாட்டுச் செடியன்று. தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டு, ஊதாப் பூவின் அழகுக்காக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு கொண்டுவரப்பட்ட இச்செடி, தன்னைத் தின்று அடக்கும் பூச்சிகளைத் தாயகத்திலேயே விட்டு வந்தமையால் தங்குதடையின்றிப் பெருகியது; 1909இலேயே அதனை ஒழிப்பதற்கென ஒரு சட்டம் இயற்றவேண்டியதாயிற்று. சட்டத்தைச் செடி பொருட்படுத்தவில்லை என்பது வேறு கதை. நீரினுள் தொங்கும் அதன் வேர்க்கற்றையை நெருங்கிப் பார்ப்பின் இன்னொரு சம்பந்தமும் புலப்படும். பெரும்பாலான மற்ற நுளம்புகளின் குடம்பிகள் சுவாசிப்பதற்காக நீர்ப்பரப்புக்கு வந்துபோக, மன்சோனியா என்னும் நுளம்பின் குடம்பியோ கூரிய தன் சுவாசக் குழலை நீர்ச்செடியின் வேரிலே குத்தி, வேரினுள் உள்ள காற்றைப் பெற்று, வெளியே வராமலே வளர்கின்றது. யானைக்கால் நோயின் ஒருவகையைப் பரப்புவது இந்நுளம்பே. ஆகையால், 1947இல் இலங்கையில் தொடங்கப்பெற்ற யானைக்கால் நோய்த் தடுப்பு இயக்கத்தினருக்கு நீர்ச்செடிகளைக் களைவதும் ஒரு வைத்தியமாயிற்று. யானைக்கால் நோய் இந்நாட்டில் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதொழிந்ததை உலக சுகாதார நிறுவனம் 2016இல் ஏற்றுக்கொண்டது.

அதே 2016ஆம் ஆண்டு மே மாதத்தில் களனி கங்கை பெருக்கெடுத்து, கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகளில் வீடுகளுக்குள் புகுந்தது. கனமழையே முதற்காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும், சதுப்பு நிரப்பப்பட்டதற்கும் அதில் பங்குண்டு. இங்கு ஒட்சிசன் குன்றிய சேற்றிலே முழுதும் உக்காமல் நூற்றாண்டுகளாகப் படிந்த சேதன மண், தன் துளைகளில் பெருமளவு நீரை ஏற்கும் இயல்புடையது. அதன் மேலுள்ள பள்ளமோ வெள்ளத்தைத் தாங்கி வைத்து, மெல்ல மெல்லக் கால்வாய்களுக்கு விடுவது. அப்பள்ளத்தை மண்போட்டு நிரப்பியபின், நின்ற நீர் எங்கே போகும்? அயல்வீட்டுக்குத்தான்.

குப்பையின் சரித்திரமும் இவ்வாறே. கொட்டாஞ்சேனைக்கு அண்மையிலுள்ள புளூமெண்டால் குப்பைமேடு மூடப்பட்டபின் மாநகரக் கழிவு கொலன்னாவையின் மீதொட்டமுல்லைக்கு வந்து மலையாகக் குவிந்தது. 2017 ஏப்ரல் 14ஆந் திகதி, சித்திரைப் புத்தாண்டு தினத்தன்று, அது சரிந்து வீடுகளை மூடியதில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மென்மையான சதுப்பு மண்ணின்மேல், மழைநீரை உறிஞ்சிக் கனத்த ஒரு குன்றை ஏற்றிவைத்தால் நிகழக்கூடியதே நிகழ்ந்தது. விதியை நொந்துகொள்வது நம்மை நாமே ஏமாற்றுவதாகும். அதன்பின் குப்பை கெரவலப்பிட்டிக்குத் திருப்பப்பட்டது. அதுவும் முத்துராஜவெலச் சதுப்பின் ஓரந்தான்!

2018 அக்டோபரில், டுபாயில் கூடிய மாநாட்டில், ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சார் உடன்படிக்கையின் ஈரநில நகரம் என்னும் அங்கீகாரத்தை முதன்முதலாகப் பெற்ற 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. அப்பட்டத்தைச் சுவரில் மாட்டுவதோடு நில்லாமல், கொலன்னாவையில் எஞ்சியுள்ள பள்ளங்களில் இனி ஒரு வண்டி மண்ணும் கொட்டப்படாதவாறு காக்கும் பொறுப்பை மாநகரத்தாரும் அயலூராரும் ஒருங்கே ஏற்றல் வேண்டும்.