கீபோர்டு மக்கர் பண்ணுதா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் வீட்டு கீபோர்டு திடீரென்று மௌன விரதம் பூண்டது. விளக்கு எரிகிறது. கட்டையை அழுத்தினால் சத்தம் மட்டும் இல்லை!

கடைக்காரர் போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். ‘‘போர்டு போயிருக்கும் சார். பேசாம புதுசு வாங்கிடுங்க.’’

நான் பாங்க் பாஸ்புக்கைத் தேடிக்கொண்டிருந்தபோது, என் பெண் கீபோர்டுக்குப் பின்னால் கையை விட்டு ஒரு குட்டிப் பிளக்கைப் பிடுங்கினாள். முதல் நாள் ராத்திரி ஹெட்போனைக் கழற்றியபோது, அதை மாட்டப் பயன்படும் கன்வர்ட்டர் மட்டும் துளையிலேயே தங்கிவிட்டதாம். அங்கே எதைச் செருகினாலும் ஸ்பீக்கர் வாயை மூடிக்கொள்ளும்.

அன்றிலிருந்து நான் அரை மெக்கானிக்.

ஆனால் அடாப்டரோடு மட்டும் விளையாடாதீர்கள். பிளக் கச்சிதமாகப் பொருந்துகிறதே என்று பக்கத்து வீட்டு அடாப்டரை மாட்டினால் போச்சு. யமஹாவின் வீட்டு கீபோர்டுகள் பலவற்றுக்கு 12 வோல்ட், நடுவில் பிளஸ். பழைய கேஸியோக்கள் பலவற்றுக்கு 9 வோல்ட், நடுவில் மைனஸ். நடுவில் புள்ளியும் சுற்றி வளையமுமாக ஒரு படம் அடாப்டரிலும் இருக்கும், கீபோர்டிலும் இருக்கும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். வோல்ட்டும் அப்படியே. ஆம்பியர் கூடலாம், குறையக் கூடாது. பி.காம். படித்தவன் சொல்கிறேன்... டெபிட்டையும் கிரெடிட்டையும் மாற்றிப் போட்டால் அடித்து எழுதலாம். இங்கே மாற்றினால் புகைதான்!

ஒரே ஒரு கட்டை மட்டும் பேசவில்லையா? அடியில் இருக்கிற ரப்பரில் கறுப்பாகக் கார்பன் பொட்டு இருக்கும். அது சர்க்யூட் போர்டைத் தொட்டால்தான் சத்தம். நடுவில் முறுக்குத் தூள் உட்கார்ந்துவிட்டால் அம்பேல். மெதுவாகத் தொட்டாலும் ஒரு கட்டை கத்துகிறதென்றால், அநேகமாக அதுவும் இதே வியாதிதான். (விரலின் வேகத்தை அளக்கிற கீபோர்டில் கட்டைக்கு இரண்டு பொட்டு.) கரண்ட்டைப் பிடுங்கிவிட்டுத் திறந்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்து லேசாக ஒற்ற வேண்டும். தேய்த்தால் கார்பனே போய்விடும்.

இவ்வளவு தெரிந்தவன் கோட்டை விட்டது வேறிடத்தில்.

பள்ளி ஆண்டு விழாப் பாட்டுக்கு என் பெண்தான் கீபோர்டு. ஒத்திகையில் டீச்சரின் ஆர்மோனியத்தோடு சேரவே இல்லை. ‘‘பாப்பாவுக்கு சுருதி ஞானம் கம்மி. அடுத்த வருஷம் பார்க்கலாம்’’ என்றார் டீச்சர். வீட்டில் நானும் என் பங்குக்கு, ‘‘காதைக் கொடுத்து வாசிடி’’ என்று கத்தினேன். குழந்தை இரண்டு நாள் கீபோர்டைத் தொடவே இல்லை.

மூன்றாம் நாள் சுருதிப் பெட்டியோடு பாட உட்கார்ந்த என் அம்மா, கீபோர்டில் ஒரு கட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: ‘‘ஏண்டா, ஒரு கட்டையைத் தொட்டா இது ஒன்றரைக் கட்டை பேசறதே?’’

பார்த்தால், டிரான்ஸ்போஸ் பட்டன் பிளஸ் ஒன்றில் நிற்கிறது! எங்களுடையது ஆஃப் செய்தாலும் அதை மறக்காத ரகம். பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன், சரியாகிவிட்டது. (எந்த பட்டன் என்றே புரியாவிட்டால், புத்தகத்தைப் பார்த்து ஃபாக்டரி ரீசெட் செய்யலாம். பதிவு செய்துவைத்த பாட்டெல்லாம் அழிந்துவிடலாம், ஜாக்கிரதை.)

‘‘போன வாரம் அதைத் துணி போட்டுத் துடைச்சது யாராம்?’’ என்றாள் என் மனைவி.

மறுநாள் கீபோர்டை நானே சுமந்துகொண்டு பள்ளிக்குப் போனேன். ‘‘சுருதி ஞானம் கம்மி, அப்பாவுக்குத்தான் டீச்சர்!’’